காப்பக வாசலுக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

நாய்களைத் தத்தெடுப்பது பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பாதிக்கு மேல், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தாலும், காப்பகத்தில் விடப்படும் நாய் என்ன ஆகிறது என்பதையே சுற்றி வருகின்றன. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பூனை, கிளி பற்றி எழுதிய வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மகள் நாய் வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், அருகிலுள்ள நகரக் காப்பகத்துக்குப் போனோம். ஒரு கூண்டின் அட்டையில் சிவப்பு மையில் ஒரு தேதி எழுதியிருந்தது. அந்தத் தேதிக்குள் யாரும் தத்தெடுக்காவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடக்கூடும் என்று ஊழியர் சொன்னதும் மகள் அழுதுவிட்டாள். நோய் எதுவும் இல்லாத நாயைக்கூடவா கொல்வார்கள்? சில காப்பகங்களை ‘நோ கில்’, அதாவது கொல்லாத காப்பகம், என்கிறார்களே, அது உண்மைதானா? — அமெரிக்காவின் டல்லாஸ் அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கொல்வார்கள். ஆனால் உங்களிடம் அதைச் சொன்ன ஊழியர் மீது கோபப்படாதீர்கள். அன்று காலை அந்த நாயைக் குளிப்பாட்டியவரும் அவராகவே இருக்கலாம்.

அமெரிக்காவில் நகராட்சியோ கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகமோ நடத்தும் காப்பகங்களில் பெரும்பாலானவை, வாசலில் யார் எந்த விலங்கைக் கொண்டுவந்து விட்டாலும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவை. தெருவில் பிடிபட்ட நாயை, உரிமையாளர் தேடி வருவதற்காகச் சில நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் இந்தக் கெடு 72 மணி நேரமாக இருந்தது. 1998-ஆம் ஆண்டின் ஹேடன் சட்டம்தான் அதை நான்கு முதல் ஆறு வேலை நாட்கள் வரை நீட்டியது. கெடு முடிந்த பிறகு அந்த உயிரின் கதி காப்பகத்தின் கையில். கூண்டு நூறு இருந்து நாய் நூற்றுப் பத்து வந்தால், அந்தப் பத்துக்கு வழி தேட வேண்டிய நிலையில், பல பத்தாண்டுகளாக அவர்கள் கண்ட வழி, சோடியம் பென்டோபார்பிட்டால் என்னும் மருந்தை ஏற்றிக் கொல்லும் ஊசியாகவே இருந்தது. உரிமையாளரே நேரில் வந்து ஒப்படைக்கும் நாய்க்குப் பல இடங்களில் அந்தச் சில நாட்கள் கெடுகூடக் கிடையாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

இந்த நிலை மாறாமலே இருந்துவிடவில்லை. விலங்கு வதைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டுக் காப்பகங்களில் 2011-இல் ஏறத்தாழ 26 லட்சம் நாய், பூனைகள் கொல்லப்பட்டன. 2019-இல் அந்த எண்ணிக்கை சுமார் 9,20,000 ஆகக் குறைந்தது. மாற்றத்தின் தொடக்கம் என்று பலரும் சுட்டுவது சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தை. ரிச்சர்ட் அவன்சினோ தலைமையில் இயங்கிய அந்நகரின் வதைத் தடுப்புச் சங்கம், 1994-இல் நகரக் காப்பகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வீட்டில் வளரத் தகுதியுள்ள ஆரோக்கியமான நாய், பூனை எதையும் நகரம் கொல்ல வேண்டாம், வீடு தேடித் தரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம் என்பதே அதன் சாரம். உங்கள் மாநிலத்திலேயே ஆஸ்டின் நகர மன்றம் 2010-இல் ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, காப்பகத்தில் கூண்டு காலியாக இருக்கும்போது ஆரோக்கியமான விலங்கைக் கொல்லக் கூடாது என்பது. கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அப்படி ஒரு விதியை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டே அந்நகரம், உள்ளே வரும் விலங்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உயிருடன் வெளியே அனுப்பியது.

இந்த 90 விழுக்காடுதான் ‘நோ கில்’ என்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். குணப்படுத்த முடியாத நோயோ காயமோ உள்ளவையும், மனிதர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானவையும் பத்தில் ஒன்றுக்கு மேல் இராது என்ற கணக்கில் அமைந்தது அது. ஆகவே அந்தப் பெயரைக் கண்டு ஒன்றுமே சாவதில்லை என்று எண்ண வேண்டாம். அதைவிட முக்கியமாக, வாசலை மூடிவிட்டாலும் இந்த விழுக்காடு உயரும். வயதான நாயையும் கடிக்கும் நாயையும் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பும் தனியார் காப்பகம் தன் கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். திருப்பப்பட்ட நாய் வேறொரு காப்பகத்தின் கணக்கில் சாகும். ஆஸ்டினிலேயே 2022-இல் நகரக் காப்பகம் நிரம்பி, புதிய விலங்குகளை ஏற்பதைச் சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. எனவே ஒரு காப்பகத்தை மதிப்பிடும்போது எத்தனை பிழைத்தன என்பதோடு, எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன, ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் கூண்டில் கிடந்தது என்பதையும் கேளுங்கள். ஓராண்டாகக் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடிப் பித்துப்பிடித்துப்போன நாயை நான் ‘காப்பாற்றப்பட்டது’ என்று எழுதத் தயங்குவேன்.

உங்கள் மகளுக்கு ஒரு யோசனை. உடனே தத்தெடுக்க வீட்டுச் சூழல் இடம் தராவிட்டால், ‘ஃபாஸ்டர்’ என்று அங்கே சொல்லும் தற்காலிகப் பராமரிப்பில் இரண்டு வாரம் ஒரு நாயை வைத்துக்கொள்ளுங்கள். உணவையும் மருந்தையும் பெரும்பாலும் காப்பகமே தரும். இதனால் ஒரு கூண்டு காலியாகும்; தவிர, கூண்டில் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய் வீட்டுச் சோபாவுக்கு அடியில் எப்படித் தூங்குகிறது என்று நீங்கள் எழுதித் தரும் நாலு வரி, அடுத்து வருபவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். அங்கே வெகுநாள் காத்துக் கிடப்பவை குட்டிகள் அல்ல. பெரிய உடம்புள்ள, வயது வந்த நாய்கள்தாம். வாடகைக் குடியிருப்பில் எடைக்கும் இனத்துக்கும் விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் அதற்கு ஒரு காரணம். ஆகவே முதலில் உங்கள் குடியிருப்பு ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, பிறகு கூண்டுப் பக்கம் போங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தெருநாய்த் தொல்லை அதிகம். மாநகராட்சி வண்டி வந்து பிடித்துப் போனாலும் சில நாட்களில் அதே நாய்கள் திரும்ப வந்துவிடுகின்றன. முன்பெல்லாம் கொன்றுவிடுவார்களாமே? இப்போது அனைத்தையும் ஒரு பெரிய காப்பகத்தில் அடைத்து வைத்தால் என்ன? — சென்னை, அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: கொன்றது உண்மை. பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதே சென்னை மாநகராட்சியின் வழக்கமாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விட்டுவிடலாம் என்று 1960-களிலிருந்தே சொல்லிவந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். நாடு முழுமைக்கும் பொருந்தும் நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் வந்தன. அவற்றின் இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டின் புதிய விதிகள் உள்ளன. அமெரிக்கா இடம் இல்லை என்று காப்பகத்தில் கொன்றுகொண்டிருந்தபோது, நாம் தெருவிலிருந்தே பிடித்துக் கொன்றோம். இவ்வளவு கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை என்பதுதான் கொலையைக் கைவிடச் செய்த வாதங்களில் வலுவானது. கருணையைப் பற்றிப் பேசியிருந்தால் மட்டும் அன்றைய அதிகாரிகள் மனம் மாறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் குறையவில்லை என்பதை உங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டி சொல்லும். அங்கே ஆறு நாய்க்கான உணவு தினமும் கொட்டப்படும் வரை, ஆறு நாய் இருக்கும். பழைய ஆறையும் அகற்றிவிட்டால் அடுத்த தெருவிலிருந்து புதியவை வந்து சேரும். அவை தடுப்பூசி போடாதவையாக, கருத்தடை செய்யாதவையாக, உங்கள் தெருக் குழந்தைகளை அறியாதவையாக இருக்கும். உங்கள் வாசலுக்குத் திரும்பி வந்த நாயின் காதைப் பாருங்கள். நுனியில் சிறிதாக வெட்டிய அடையாளம் இருந்தால், அது அறுவை முடிந்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடப்பட்ட நாய் என்று பொருள். பிடித்த இடத்திலேயே அதை விட வேண்டும் என்பது விதி. வண்டிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே வெறிநோய் பரவல் அறுந்துபோகும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணக்கு.

எல்லாவற்றையும் அடைத்து வைக்கும் யோசனை உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. தலைநகர் தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் எட்டு வாரங்களுக்குள் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2025 ஆகஸ்டு 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. பதினோரு நாட்களில், ஆகஸ்டு 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடச் சொன்னது. பின்னர் நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களை மட்டும் மீண்டும் அங்கே விடக் கூடாது என்று ஆணை வந்தது.

நான் பார்த்தவரை, நெரிசலான காப்பகம் என்பது மெதுவாகக் கொல்லும் இடம். ஐம்பது நாய் இருக்க வேண்டிய கொட்டகையில் இருநூறு நாயை விட்டால், அவற்றில் ஒன்று டிஸ்டெம்பர் என்னும் தொற்று வைரஸ் நோயோடு வந்தால் போதும்; முதலில் கண்ணில் பீளை, பிறகு இருமல், பிறகு தாடை தானாக மெல்லத் தொடங்கும்; இரண்டு மூன்று வாரத்தில் கொட்டகையில் பாதி காலியாகிவிடும். இதைக் கொலை என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டார்கள்.

கடிபட்டவரின் வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது.

கேள்வி: ஆறு வயது லாப்ரடார் வைத்திருக்கிறோம். மகன் வெளிநாடு போகிறான். நானும் கணவரும் சிறிய வீட்டுக்கு மாறுகிறோம். நல்ல காப்பகம் ஒன்றில் மாதம் ஏதாவது நன்கொடை தருவதாகச் சொல்லி விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். அங்கே மற்ற நாய்களோடு மகிழ்ச்சியாக இருக்கும் அல்லவா? — கோயம்புத்தூர் வாசகி

பதில்: இருக்காது, அம்மா. இதை வன்மையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வாரம் ஒருமுறை போய்வந்த காப்பகம் ஒன்றில், உங்களுடையதைப் போன்ற ஒரு லாப்ரடாரைக் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே பத்துக் கிலோ உணவுப் பையும், அது படுக்கும் பழைய துண்டும் தந்திருந்தார்கள். குறை சொல்ல முடியாத, நல்ல மனிதர்கள்தாம். அந்த நாய் இரும்புக் கேட்டுக்கு உட்புறம், கம்பிக்கு ஒரு சாண் தள்ளிப் படுத்துக்கொண்டது. வெளியே கார் வந்து நின்றால் எழுந்து நிற்கும். கதவு சாத்தும் சத்தத்திலேயே அந்தக் கார் இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி படுத்துவிடும். தட்டில் வைத்த சோற்றில் ஈ மொய்த்தது. ஐந்தாம் நாள்தான் உதவியாளர் கையில் எடுத்து நீட்டிய தயிர்ச்சோற்றை நாக்கால் தொட்டது. அதன் தடுப்பூசி அட்டையை அவர்கள் தர மறந்திருந்ததால், எல்லா ஊசியையும் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. அதற்கு இடி பயம் உண்டு என்பது முதல் மழையன்று அது சுவரில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தெருவில் பிறந்து கூட்டத்தில் வளர்ந்த நாயைவிட, ஒரே குடும்பத்தின் குரலுக்குப் பழகிய நாய்க்குக் காப்பகம் பல மடங்கு கடினம். அது அங்கே பிடிக்கும் இடம், காலொடிந்து தெருவில் கிடக்கும் வேறொரு நாய்க்கு உரிய இடம் என்பதையும் பாருங்கள். காப்பகங்கள் கொல்வதை நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் செய்யக்கூடியது, தங்கள் வீட்டு நாயை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பது.

சிறிய வீடு லாப்ரடாருக்குத் தடையே இல்லை. காலையும் மாலையும் அரை மணி நேர நடை இருந்தால், இரண்டு அறை வீட்டில் அது மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாகக் கிடக்கும். நடத்திச் செல்ல முடியவில்லை என்றால், காப்பகத்துக்குத் தருவதாகச் சொன்ன நன்கொடையை நடத்திச் செல்லும் ஒரு கல்லூரி மாணவருக்குக் கொடுங்கள். எப்படியும் முடியாது என்ற நிலை வந்தால், உறவினர், நடைப்பழக்க நண்பர்கள், உங்கள் மருத்துவர் வழியாக நீங்களே வீடு தேடுங்கள். மூன்று மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். போகும் வீட்டை நேரில் பாருங்கள். முதலில் இரண்டு வார இறுதிகள் அங்கே தங்கவிட்டுப் பழக்குங்கள். எப்போது சாப்பிடும், எதற்குப் பயப்படும், எந்தச் சொல்லுக்கு உட்காரும் என்று ஒரு பக்கம் எழுதி, தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். கருத்தடை செய்யாமல் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். லாப்ரடார் என்றதும் குட்டி எடுத்து விற்க வருபவர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள்.

சட்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். அச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான்.

கேள்வி: பெண் நாய் ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். கருத்தடை செய்வது பாவம் இல்லையா? — மதுரை வாசகர்

பதில்: ஒருமுறை குட்டி போட்டாக வேண்டும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மாறாக, கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு நடுவயதில் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, சோர்ந்து கிடப்பது, பின்புறத்தில் கசிவு என்று தொடங்கும். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் பெருமளவு குறைகிறது. பெரிய உடம்புள்ள இனங்களுக்கு உரிய வயதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாவக் கணக்கு பார்ப்பதாக இருந்தால் இதையும் சேர்த்துப் பாருங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்; ஆண்டுக்கு இரண்டு முறை பருவம் வரும்; ஒரு ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஈற்றில் பன்னிரண்டு. ஆண் குட்டிகளை யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். மிஞ்சிய பெண் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து இரவோடு இரவாகச் சந்தைப் பக்கம் விட்டுவருபவர் யார்?

கேள்வி: இலங்கையில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்கிறார்களே, அங்கே வெறிநோய் எப்படிக் கட்டுப்பட்டது? — யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: உங்கள் நாட்டைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இலங்கையில் 1973-இல் 377 பேர் வெறிநோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துகளுக்குள் வந்துவிட்டது. நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு அரசு மருத்துவமனையில் ஊசி கிடைக்கச் செய்ததும் இதில் பெரும்பங்கு வகித்தன. நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கை 2006-இல் வந்தது. அதன் பிறகு நோய் திரும்பப் பெருகிவிடவில்லை.

கேள்வி: டீக்கடை வாசலில் கிடந்த இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்திருக்கிறோம். பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். உடம்பெல்லாம் உண்ணி; காதோரம் முடி கொட்டியிருக்கிறது. எப்படிப் பராமரிப்பது? நாட்டு நாய்க்கு ஊசியெல்லாம் தேவையா? — திருநெல்வேலி மாவட்ட வாசகி

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மகிழ்வித்தது உங்களுடையதுதான்.

ஊசி கட்டாயம் தேவை; குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் பார்வோ வைரஸ் சாதி பார்ப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஓராண்டில் மறு ஊசி. இதற்கு முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம்.

மாட்டுப்பாலைக் குறைத்துவிடுங்கள், பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும். பிஸ்கட் உணவே அன்று. குழைந்த சோற்றோடு வேகவைத்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழியோ, கொஞ்சம் மஞ்சள் பூசணியோ பிசைந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். உப்பும் காரமும் வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு சிராய்சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது. பண்டிகை நாளில் பாயசத்தை நக்கக் கொடுப்பவர்கள் அதிலுள்ள உலர்திராட்சையை மறந்துவிடுகிறார்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் என்று நீங்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையை அதற்குக் கொடுக்கவே கூடாது.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் வேண்டாம். குட்டி அதை நக்கி, வலிப்பு வந்து என்னிடம் வந்தவை அநேகம். காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் பாருங்கள். ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதன் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தை மருத்துவர் தருவார். உண்ணி முட்டையிடுவது நாயின் உடம்பில் அல்ல, சுவர் விரிசலிலும் பாய்க்கு அடியிலும் என்பதால் வீட்டையும் சுத்தம் செய்தாக வேண்டும். பிற்காலத்தில் காய்ச்சல், சாப்பிடாமை, ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம் எதையாவது கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உண்ணிக் காய்ச்சல் தொடக்கத்தில் எளிதாகக் குணமாகும்.

காதோரம் முடி கொட்டியது பெரும்பாலும் சொறியாக இருக்கும். மனிதரைத் திட்டுவதற்குக்கூட நாம் பயன்படுத்தும் அந்தச் சொறி, தோலில் வாழும் நுண்ணிய பூச்சியால் வருவது; இன்றைய மாத்திரைகளில் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறிவிடும் என்று தெரியாமலே எத்தனையோ பேர் வளர்த்த நாயைத் தெருவில் விட்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று: மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரையிலான பருவத்தில் பார்த்துப் பழகியவற்றுக்கு நாய் பிறகு அஞ்சாது. குழந்தை, குடை, மோட்டார் சைக்கிள், சீருடை அணிந்தவர், பட்டாசுச் சத்தம் என எல்லாவற்றையும் தொலைவிலிருந்து, பயமுறுத்தாமல் இப்போதே அறிமுகப்படுத்துங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டாதீர்கள். கடிக்கிறது, ஓயாமல் குரைக்கிறது என்று பின்னாளில் காப்பகத்தில் விடப்படும் நாய்களில் பெரும்பாலானவற்றின் கதையைக் கிளறினால், அது குட்டியாக இருந்தபோது கட்டிப்போட்ட ஒரு சங்கிலியில் போய் முடியும்.

கேள்வி: பதினான்கு வயதான எங்கள் நாயால் இப்போது எழுந்திருக்கவே முடியவில்லை. புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டு விடுவிக்கலாம் என்கிறார் மருத்துவர். காப்பகத்தில் கொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? — திருச்சிராப்பள்ளி வாசகர்

பதில்: மருந்து ஒன்றுதான், காரணம் வேறு. இடம் இல்லை என்று கொல்லும்போது நாயின் தேவை எதுவும் அங்கே எண்ணப்படுவதில்லை. உங்கள் மருத்துவர் எண்ணுவது அதன் வலியை மட்டும். குணப்படுத்த முடியாத நோயுற்ற நாய்க்குத் தகுதி பெற்ற மருத்துவர் இப்படி முடிவு தருவதை, தெருநாய்களுக்கான 2023-ஆம் ஆண்டு விதிகளே ஏற்கின்றன.

முடிவெடுக்க ஒரு வழி சொல்கிறேன். அதற்கு மிகவும் பிடித்த மூன்று செயல்களைத் தாளில் எழுதுங்கள்: வாசலில் வெயில் காய்வது, உங்கள் குரலுக்கு வால் ஆட்டுவது, முட்டையைக் கண்டால் தலை தூக்குவது என்று எதுவாகவும் இருக்கலாம். நாட்காட்டியில் நல்ல நாளையும் கெட்ட நாளையும் தினமும் குறியுங்கள். மூன்றில் இரண்டு நின்றுபோய், கெட்ட நாட்கள் கூடிவிட்டால், மருத்துவரின் சொல்லைக் கேளுங்கள். வலி நிவாரணி கொடுத்தும் இரவில் முனகினால் நாட்காட்டி முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் வீட்டுக்கே வர முடியுமா என்று கேளுங்கள். முதலில் மயக்க மருந்து போடச் சொல்லுங்கள். பிறகு போடும் ஊசி அதற்குத் தெரியாது. பார்க்க முடியவில்லை என்று பலர் வெளியே போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகு மேசையில் கிடக்கும் நாய் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் உள்ளேயே இருங்கள். அது படுத்துப் பழகிய விரிப்பைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள்.